மடத்துக்குளத்துக்கு நேர் வடக்கே டெக்சாஸ்

மடத்துக்குளத்திலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்? சுவர் வரைபடம் பார்த்துப் பழகிய நாம் மேற்கே கை காட்டுவோம்: அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக். ஒரு பூகோள உருண்டையை எடுங்கள். நூல் கோனிலிருந்து கொஞ்சம் நூலை இழுத்து, ஒரு நுனியை உடுமலைக்கும் பழனிக்கும் நடுவிலும் மறுநுனியை மேற்கு டெக்சாஸிலும் வைத்து விறைப்பாகப் பிடியுங்கள். விறைத்த நூல் காட்டுவதுதான் மிகக் குறைந்த தூரம். அது நேர் வடக்கே ஏறும்! டெல்லியை ஒட்டிப் போய், இமயத்தையும் சைபீரியாவையும் கடந்து, வட துருவத்தைத் தொட்டு, கனடா வழியாக மறுபக்கம் இறங்கும்.

நம் ஊரின் தீர்க்கரேகை கிழக்கே சுமார் 77.4 பாகை. உருண்டையின் மறுபுறம் அதற்கு நேரெதிரே மேற்கு 102.6 பாகை. இரண்டும் துருவத்தில் சேர்ந்து ஒரே வட்டமாகிவிடுகின்றன. அந்த வட்டம் போய் இறங்குவது லப்பக் நகரத்தின் அருகே, அமெரிக்காவின் மிகப் பெரிய பருத்திக் காடுகளில் ஒன்றில். நூல் மில்கள் நிறைந்த நம் வட்டாரத்திலிருந்து நேர்க்கோட்டில் வடக்கே சுமார் 15,100 கிலோமீட்டர் போனால் பருத்தி விளையும் இன்னொரு நாடு! 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வாலும் அவருடைய பெண் விமானிகள் குழுவும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவப் பாதையில்தான் பறந்து வந்தார்கள்.

ஆனால் குறைந்த தூரம் என்பதாலேயே குறைந்த நேரம் ஆகிவிடாது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பாதையிலிருந்து பசிபிக் பாதைக்கு மாற்றியது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. பயணமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பூமியோடு காற்றும் விமானமும் சேர்ந்தேதான் சுழல்கின்றன. விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை 150 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரைக் கணக்கில் வேகம் 1,050. அதே காற்று எதிர்த்தால் வெறும் 750. வடக்கு நாடுகளின் வானில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பெருங்காற்றைப் பிடித்துக்கொண்டதால்தான் நீண்ட பாதை விரைவுப் பாதையாயிற்று.

இதைவிட எனக்கு வியப்பூட்டுவது நம் தலைக்கு மேலேயே நடப்பது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் மேற்குக் காற்றில் உடுமலைக் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே நேரத்தில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. கோடையில் திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் தெற்கே உள்ள கடலைவிட அதிகம் சூடாவதால் மேல்வானில் உண்டாகும் ஓட்டம் இது. 1958ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பயணிகள் விமானங்கள் பறக்கும் 11, 12 கிலோமீட்டர் உயரத்தில் இதன் கீழ்ப்பகுதி தட்டுப்படும். அதனால் ஆடியில் கோவையிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பும் விமானம், தரையில் மேற்குக் காற்றை எதிர்த்து எழும்பி, உயரே போனதும் பின்னாலிருந்து தள்ளும் கிழக்குக் காற்றோடு அரபிக்கடலைத் தாண்டுகிறது.