சித்தி படிக்கப் போறாங்க... சித்தப்பா படகு விலைக்கு!

ஃபாரின்ல படிக்கப் போறதுன்னா நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ரெண்டு பெட்டி, ஏர்போர்ட்டில் அம்மாவின் அழுகை, ஊறுகாய் பாட்டில்... அவ்வளவுதானே? என் கிளாஸ்ல பாதிப் பேர் அந்தக் கனவில்தான் இருக்காங்க, நானும்தான். ஆனா, எங்க குடும்பத்தில் முதல்ல கிளம்புறது நான் இல்லை பாஸ். எங்க சித்தி. வயசு 36!

கோவளம் குப்பத்தில் கார்மேல் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சித்தி வீடு. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பி.எஸ்ஸி. நர்ஸிங் முடிச்சது 2011-ல். சித்தப்பா மீன்பிடித் தொழில். சொந்தமா ஒரு ஃபைபர் படகு. நாலாவது படிக்கிற ஒரு வாண்டு. நைட் டியூட்டி முடிச்சு வந்து, மொட்டை மாடியில் கருவாடு காயற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸுக்குப் படிச்சாங்க. வாங்கின ஸ்கோர் 7. நான் எழுதினா வருமான்னு கேட்காதீங்க!

"பதினாலு வருஷமா ஊசி போட்டுட்டேன்டா. ஏன் இந்த நோய் இந்த ஏரியாவுல மட்டும் இவ்ளோ வருதுன்னு கேட்டா, 'உன் வேலையைப் பாரு'ங்கறாங்க. அதைக் கேக்கற வேலைக்குப் படிக்கணும்" - இதுதான் சித்தியோட காரணம். பொது சுகாதாரத்தில் முதுகலை. ஆனா ஒரே கண்டிஷன்: போனா மூணு பேரும்தான்.

அங்கேதான் ஆரம்பிச்சது தலைவலி.

முதல்ல பிரிட்டன். ஒரு வருஷப் படிப்பு, அட்மிஷனும் கிடைச்சாச்சு. வழிகாட்டுற கன்சல்டன்ஸியில் 25 ஆயிரம் கட்டினதும் "ஃபேமிலி விசா எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்"னு சிரிச்சிருக்காங்க. சித்திக்குச் சந்தேகம். அந்த நாட்டு அரசு விதிகளைத் தானே எடுத்து ராத்திரி ஒரு மணிக்கு வரிக்கு வரி படிச்சாங்க. 2024 ஜனவரி 1-க்கு அப்புறம் தொடங்கற சாதாரண முதுகலைப் படிப்புக்கு கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வர முடியாது. பிஹெச்.டி. மாதிரி ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசு உதவித்தொகையில் வர்றவங்களுக்கும் மட்டும்தான் விலக்கு. ஏன் இப்படி? மாணவர்களோட குடும்பத்தினருக்குக் கொடுத்த விசா 2019-ல் சுமார் 16 ஆயிரம். 2022-ல் சுமார் 1,36,000. பயந்துட்டாங்க!

கன்சல்டன்ஸிக்குப் போய்க் கேட்டா, "ரூல் மாறிட்டே இருக்கும் மேடம்"னு பதில். 25 ஆயிரம்? திரும்பி வரலை.

அடுத்து ஆஸ்திரேலியா. குடும்பத்தோட வரலாம், துணைவர் வேலையும் பார்க்கலாம். ஆஹான்னு குதிச்சோம். ஆனா, படிப்பு முடிஞ்சதும் தங்கி வேலை பார்க்கிற விசாவுக்கு இருந்த 50 வயசு வரம்பை 2024 ஜூலையில் பெரும்பாலானவங்களுக்கு 35 ஆக்கிட்டாங்க. சித்திக்கு 36! அன்னிக்கு சித்தி முகத்தைப் பார்க்க முடியலை. "ஒரு வருஷம் முந்திப் பொறந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, "இல்லடா, ஒரு வருஷம் பிந்திப் பொறந்திருக்கணும்"னு கணக்கைத் திருத்திட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க.

அமெரிக்கா? படிக்கிறவங்களோட துணைவருக்குக் கிடைக்கிற எஃப்-2 விசாவில் வேலை பார்க்கவே கூடாது. சித்தப்பா சும்மா உட்காரணும். அவரா? கடலுக்குப் போகாத ஞாயித்துக்கிழமைகூட வலையைப் பிரிச்சுப் போட்டுத் தைக்கிற ஆளு!

கடைசியா கனடா. அங்கேயும் 2025 ஜனவரி 21-லேர்ந்து கெடுபிடி. முதுகலைன்னா குறைஞ்சது 16 மாசப் படிப்பா இருந்தாத்தான் துணைவருக்கு வேலை பார்க்க அனுமதி. சித்தி பிடிச்சது ரெண்டு வருஷப் படிப்பு. தப்பிச்சோம்! (பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் உண்டா இல்லையாங்கறது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். காலேஜைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடியே கேட்டுடுங்க.)

இந்தக் களேபரத்துக்கு நடுவுல லைப்ரரியில் ஒரு விஷயம் படிச்சு அசந்துட்டேன். நூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதைப் பண்ணியிருக்காங்க! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-ல் பொறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கி, பிராக்டீஸ் நல்லாப் போயிட்டிருந்த நேரத்தில், 1925-ல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பத்தி மேற்படிப்புக்கு லண்டன் கிளம்பினாங்க. அப்போ வயசு 39. கணவர் டாக்டர் சுந்தர ரெட்டியும் ரெண்டு பையன்களும் கூடவே போனாங்க. செலவுக்கு சென்னை மாகாண அரசின் உதவித்தொகை. திரும்பி வந்து சட்டசபைக்குள்ளே போனதும், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்ததும் நமக்குத் தெரியும். அந்த ரெண்டு பையன்களில் சின்னவர்தான் பின்னால அந்த மருத்துவமனையைக் கட்டி வளர்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி!

ஓடிப் போய்ச் சொன்னேன். சித்திக்குக் கண்ணெல்லாம் பளபளப்பு. சித்தப்பா மட்டும் வலையிலிருந்து தலையைத் தூக்காம சொன்னார்: "அவரு டாக்டரு. எந்த ஊருக்குப் போனாலும் டாக்டருதான். நான் இந்தக் கடலை விட்டுப் போனா யாருடா?"

சத்தியமா என்கிட்ட பதில் இல்லை. 'அங்கே குடோன்ல, ஹோட்டல்ல வேலை கிடைக்கும்'னு சொல்ல வாய் வந்துச்சு, முழுங்கிட்டேன். காத்தடிக்கிற திசையை வெச்சே இன்னிக்கு நெத்திலியா சங்கராவான்னு சொல்ற மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்றது?

பணம் இன்னொரு பூதம். 2025 செப்டம்பர் 1-லேர்ந்து, மூணு பேர் போனா முதல் வருஷக் கல்லூரிக் கட்டணம், பயணச் செலவு தவிர, சாப்பாடு தங்கலுக்கு மட்டும் 35,040 கனடா டாலர் காட்டணும். ஏறக்குறைய 22 லட்சம்! படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா வழக்கமா அடமானம் கேட்பாங்க. வீட்டுப் பத்திரம், நகை, சித்தியோட பி.எஃப்... எல்லாம் கூட்டியும் துண்டு விழுந்துச்சு. மிச்சம் இருந்தது படகு.

இதுல கொடுமை என்னன்னா, பணத்தை முதல்ல காட்டணும், விசா வருமா வராதாங்கறது அப்புறம்தான். படகை வித்தப்புறம் விசா கைவிட்டுட்டா? சித்தி ஒரு வாரம் அழுது, "நான் போகலை"ன்னே சொல்லிட்டாங்க. 'செவனிங்' உதவித்தொகைக்கு அடுத்த வருஷம் முயற்சி பண்றேன்னாங்க. (வயசு வரம்பு கிடையாது, ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணும். பிரிட்டன் அரசு பணம்கிறதால குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாம். ஆனா குடும்பத்தோட செலவு நம்ம தலையில். உங்க வீட்லயும் ஒரு சித்தி இருந்தா சொல்லுங்க!)

வேணாம்னு சொன்னது சித்தப்பாதான். "அடுத்த வருஷம் எந்த நாடு எந்த ரூலைப் போடுமோ... வயசு என்ன நிக்கவா போகுது?"

போன சனிக்கிழமை பட்டிபுலத்திலிருந்து ஒருத்தர் படகு பார்க்க வந்தார். சித்தப்பா அவரை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போனார். சர்ஃபிங் பண்ற பசங்களைத் தாண்டி ரொம்ப தூரம் போயிட்டு, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தார். கரையில் பேரம் நடந்துச்சு. விலை படிஞ்சுது, அட்வான்ஸும் கை மாறிச்சு. வந்தவர் இஞ்சின் மேல கையை வெச்சப்ப, "அது மட்டும் கணக்குல இல்லைங்க"ன்னுட்டார் சித்தப்பா.

இப்போ அந்த இஞ்சின் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி இருக்கு. மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணுமாம். எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார்.