புரோட்டான் எங்கே நிற்கும்?

எங்க திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. அரத்தால் சாவியை ஒரு ராவு கூடுதலா ராவிட்டா, திறக்காது. புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையும் அந்த ஜாதிதான்.

எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி முதுகுப்பக்கம் வரை போகும். புரோட்டானோ குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். சென்னை தரமணியில் அப்போலோ 2019-ல் இதைத் தொடங்கியது. நம்மூரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்.

சரி, எங்கே நிற்கும்? கணக்குப் போடுவது பெரும்பாலும் சி.டி. ஸ்கேனை வைத்து. அது எக்ஸ்ரே படமாச்சே! புரோட்டான் பாஷைக்கு மாற்றும்போது சுமார் 3 சதவீதம் முன்னே பின்னே போகலாம். 20 செ.மீ. ஆழத்தில் அது 6 மி.மீ. பக்கத்திலேயே தண்டுவடம் இருந்தால்? அதனால்தான் டாக்டர்கள் ஓரம் விட்டுத் திட்டமிடுகிறார்கள். அந்த ஓரத்தில் நல்ல சதையும் அடிபடும்.

புரோட்டானையே உடம்பைத் துளைத்து அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு சக்தியோடு வருகிறது என்று அளந்து படமெடுத்தால்? ஆலன் கார்மாக் 1963-லேயே யோசித்துவிட்டார். சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் வாங்கியவர். பிழை 1 சதவீதம் அளவுக்குக் குறையும் என்கிறார்கள். ஆனாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒரு சிக்கல்: சிகிச்சைக் கருவியின் புரோட்டான் தண்ணீரில் சுமார் 33 செ.மீ.தான் போகும். தலையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பிரியாணி வளர்த்த நம்ம இடுப்பைக் குறுக்கே கடப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்!