பெயரைச் சொல்வது சலுகை அல்ல, உரிமை

நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலில், கரிசல் காட்டுப் பாடல்கள் பலவற்றின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: சேகரித்தவர் எஸ்.எஸ். போத்தையா, இடம் கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள விளாத்திகுளம் வட்டாரம். சில பாடல்களில் பாட்டைத் தந்து உதவியவரின் பெயரும் உண்டு. பாட்டு ஊருடையது என்பதற்காக, அதைக் காத்தவரின் பெயரை அவர்கள் விட்டுவிடவில்லை.

இன்று களையெடுக்கும் பெண் பாடியது கைபேசியில் பதிவாகி, ‘கிராமியப் பாடல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு உலகைச் சுற்றுகிறது. பதிவேற்றியவர் பெயர் நிலைக்கிறது. பாடியவர் பெயர் உதிர்கிறது. யாருடைய பெயர் எளிதில் உதிர்கிறது என்பதில் சாதி இருக்கிறது. 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’யை முன்வைத்து வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில், அப்பாடலை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் அதை வெளிப்படையாகக் கண்டித்தனர். புகழ்பெற்ற கலைஞருக்கே இந்நிலை என்றால், கரிசல் காட்டுக் கூலிப் பெண்ணுக்காகக் கேட்பவர் யார்?

சட்டம் இங்கே முற்றிலும் மௌனமாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரும் தகுதி படைப்பாளரிடமே நிற்கும். 2012 திருத்தம் சேர்த்த 38பி பிரிவு, நிகழ்த்துபவருக்கும் தம் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையைத் தருகிறது. பயன்படுத்தும் முறையே பெயரை விடவேண்டிய நிலையை உண்டாக்கினால் மட்டும் விலக்கு. நிகழ்த்துகைக்கு மேடை வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆகவே, பாட்டை இயற்றியவர் யாரெனத் தெரியாவிட்டாலும், பாடியவருக்கு உரிமை உண்டு.

சட்டத்துக்கு எல்லையும் உண்டு. அது எழுத்தின் வடிவத்தைக் காக்குமே தவிர, செய்தியையும் கருத்தையும் காக்காது. வன்கொடுமை நடந்த ஊருக்கு முதலில் சென்று உண்மையறிந்த தோழரின் அறிக்கையிலிருந்து தகவல்களை மட்டும் எடுத்து, பெயர் சொல்லாமல் எழுதுபவர் நீதிமன்றத்தில் தப்பிவிடலாம். அறத்தின் முன் தப்ப முடியாது.

எனவே, இயக்கத்தினரும் மாணவர்களும் பதிவு செய்யும்போதே பாடியவர், சேகரித்தவர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரை வெளியிடச் சம்மதமா என்று கேட்க வேண்டும். சாட்சியாக நிற்பவருக்குப் பெயரே ஆபத்தாகலாம். அங்கே மறைப்பதே பாதுகாப்பு. ஆனால் அம்முடிவை எடுக்க வேண்டியவர் பெயருக்கு உரியவரே, நாம் அல்ல.