எழுத்துப்பிழையின் காரணம் அறிதல்: இல்லத்தில் தொடக்கநிலைப் பயிற்சி

தொடக்கநிலைக் குழந்தையொன்று ‘வாழைப்பழம்’ என்பதனை ‘வாளைப்பளம்’ என எழுதுமாயின், அதனைக் கவனக்குறைவு எனக் கடிதல் பொருந்தாது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்கள் பலவற்றின் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கின்றது. குழந்தை தான் கேட்டதனையே எழுதியுள்ளது.

இத்தகைய பிழைகளை இருவகையாகப் பகுக்கலாம். ல, ள, ழ மயக்கம் செவிவழித் தீர்வது. பெற்றோர் நாள்தோறும் சிறு கதையொன்றைச் சொற்களின்மீது விரல் வைத்துத் தெளிவாக வாய்விட்டுப் படித்துக்காட்டல் வேண்டும். ‘புலி – புளி’, ‘வாளை – வாழை’ போன்ற இணைகளை ஒலித்து, உரிய படத்தைத் தொடச் செய்தலும் நன்று.

ந, ன மயக்கமோ கண்வழித் தீர்வது. இன்றைய ஒலிப்பில் இவற்றின் வேறுபாடு பெரும்பாலும் புலப்படுவதில்லை. பொதுவாக நகரம் சொல்லின் முதலிலும் (நண்டு), அதன் மெய் தகரத்திற்கு முன்னும் (பந்து) வரும். னகரம் சொல்லின் முதலில் வாராது. இவ்விதியை உரைப்பதினும், சொல்லட்டைகளை வகைப்படுத்தித் தானே கண்டறியச் செய்வது சிறந்தது.

பிழையின் வகை அறியாது ஒரே சொல்லைப் பன்முறை எழுதவைப்பின், குழந்தை தமிழ்மீதே வெறுப்புக் கொள்ளக்கூடும். இவ்வேறுபாட்டைப் பெற்றோர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியரின் கடமையாகும்.