சுவைப்போரும் சுருட்டுவோரும்: உறையூர்ச் சுருட்டும் காவிரிக் கடைமடையின் புகையிலை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்தரச் சுருட்டையும் சுங்கானையும் நிதானமாகச் சுவைத்தல் மேலைநாட்டுப் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆயினும் அப்பொழுதுபோக்கின் அடிப்படைப் பொருளுக்குரிய பெயர்களுள் ஒன்று தமிழிலிருந்து சென்றது. அப்பொருளைச் செய்த கைகளுள் பல காவிரிக் கரையில் இருந்தன. உறையூர்ச் சுருட்டுத் தொழிலையும், பேராவூரணி உள்ளிட்ட தஞ்சைக் கடைமடைப் பகுதியின் புகையிலை வழக்கையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, புகையிலைச் சுவை பற்றிய அறிவு தமிழகத்தில் யாரிடம் இருந்தது, அது ஏன் எழுத்தில் இடம்பெறவில்லை என்னும் வினாக்களை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுருட்டு, உறையூர், பேராவூரணி, கடைமடை, பாடம் போடுதல், படையல், தொழிற்சொற்கள்.

முன்னுரை

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் அமைந்த ஊர். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டை ஒட்டிப் பாசனத்துக்கு வந்த இக்கால்வாயை மக்கள் ‘புது ஆறு’ என்றே வழங்குகின்றனர். நெல்லும் தென்னையும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். புகையிலை இங்கு முதன்மைப் பயிரன்று. எனினும் புகையிலை வரலாற்றை ஆராய்வோருக்கு இவ்வூரின் இருப்பிடம் பயனுடையது. வடமேற்கே ஆற்றின் மேற்பகுதியில் சுருட்டுக்குப் பெயர்பெற்ற உறையூர் உள்ளது. கிழக்கே கடற்கரையில் மெல்லும் புகையிலைக்குப் பெயர்பெற்ற வேதாரணியம் உள்ளது. புகைத்தல், மெல்லுதல் என்னும் இருவகை நுகர்வும் சந்திக்கும் நிலப்பகுதியாகக் கடைமடையைக் கொள்ளலாம்.

சொல்லும் பொருளும்

புகையிலை தமிழகத்துக்குப் புதிது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்பயிர் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு அது கொண்டுசெல்லப்பட்ட செய்தி பதிவாகியுள்ளது. வந்த பொருளைத் தமிழ் தன் சொற்களாலேயே பெயரிட்டது. புகைக்கும் இலை ‘புகையிலை’ ஆயிற்று. சுருட்டப்பட்டது ‘சுருட்டு’ ஆயிற்று. புகைக்குழாய் ‘சுங்கான்’ எனப்பட்டது.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் தமிழ்ச் ‘சுருட்டு’ என்பதன் திரிபு என்பதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி எடுத்துரைக்கிறது. போர்த்துக்கீசிய மொழியின் ‘சருட்டோ’வும் இச்சொல்லோடு உறவுடையது. 1669 முதல் 1679 வரை வங்கக் கடற்கரை நாடுகளைப் பற்றிக் குறிப்பெழுதிய தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலக் கப்பல் வணிகர், எளிய மக்கள் இலையைச் சுருட்டி ஒரு முனையில் தீயிட்டு மறுமுனையை இதழில் வைத்துப் புகைத்ததைப் பதிவு செய்துள்ளார். சீமையில் உயர்குடியினரின் அடையாளமாகப் பின்னர் மாறிய ஒரு பழக்கம், சோழமண்டலக் கரையில் எளியோரின் பழக்கமாகவே ஐரோப்பியர் கண்ணில் பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழ்ப் புலவர்களும் இப்புதிய பயிரைப் புறக்கணிக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விடுவதாக இயற்றிய ‘புகையிலை விடு தூது’ இதற்குச் சான்று, இந்நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். பழனியைச் சூழ்ந்த திண்டுக்கல் நிலம் புகையிலை விளையும் நிலம் என்பதால், நூலின் பொருளும் அதன் களமும் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன.

இலையும் நிலமும்

திருச்சிச் சுருட்டு என உலகம் அறிந்ததற்குரிய இலை பெரும்பாலும் திருச்சியில் விளைந்ததன்று. திண்டுக்கல், கோவை வட்டாரங்களிலிருந்து அது உறையூருக்கு வந்தது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்பன திண்டுக்கல் பகுதியில் வழங்கிய ரகப் பெயர்கள். இத்தகைய இலைகளின் முக்கியத்துவம் கருதியே வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டு சுருட்டுப் புகையிலைக்கென ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது.

ஒரு நிலத்தின் இலை புகைக்கவும் மற்றொரு நிலத்தின் இலை மெல்லவும் பயன்படுவதற்கு மண்ணும் நீரும் முதன்மைக் காரணங்கள். இலையில் பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் அது சீராக எரியும். குளோரைடு மிகுந்தால் இலை ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். தீ அடிக்கடி அணையும். உவர்நீர் பாயும் நிலத்தின் இலை புகைப்பதற்கு ஏற்றதாகாது. மெல்லுவதற்கு அக்குறை தடையன்று. வேதாரணியத்தின் கடற்கரை மணலில் மெல்லும் புகையிலை நிலைபெற்றதை இவ்வடிப்படையில் விளங்கிக்கொள்ளலாம்.

உழவரின் கைத்திறனும் சுவையை முடிவு செய்கிறது. பூ வரும் பருவத்தில் கொழுந்தைக் கிள்ளிவிடுவர். பின்னர்த் தோன்றும் பக்கக்கன்றுகளையும் ஒடித்துவிடுவர். செடியின் வளம் எஞ்சிய இலைகளுக்கே செல்வதால் இலை தடிக்கும், காரம் ஏறும். புகைப்பவர் நாவில் உணரும் ‘வலிமை’ உழவரின் விரல்நுனியில் தொடங்குகிறது எனலாம்.

பாடம் போடுதலும் சுருட்டுதலும்

அறுவடையான பச்சை இலைக்குப் புகையிலையின் மணம் இல்லை. வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, அடுக்கிக் குவித்து, குவியலைப் பிரித்து மாற்றி அடுக்கும் தொடர் வேலையால்தான் அம்மணம் உருவாகிறது. இதனைப் ‘பாடம் போடுதல்’ என்பர். குவியலின் உட்பகுதியில் வெப்பம் எழும். அவ்வெப்பம் குறைந்தால் இலை பக்குவப்படாது, மிகுந்தால் கருகும். கையை உள்ளே நுழைத்துச் சூட்டைக் கணித்து, மறு அடுக்குக்கு உரிய வேளையைச் சொல்லும் அறிவு நெடுநாள் பழக்கத்தால் மட்டுமே வருவது. பக்குவமான இலை சிப்பங்களாகக் கட்டப்பட்டுச் சுருட்டுக்கூடங்களுக்குச் செல்லும்.

அங்கு இலையின் நடுநரம்பு நீக்கப்படும். உள்ளே வைக்கும் இலை, அதனைப் பிடித்து நிறுத்தும் இலை, மேலே சுற்றும் இலை என மூவகை இலைகள் சேர்ந்து ஒரு சுருட்டு உருவாகிறது. உள்ளிலை எரியும் வேகத்தையும் காரத்தையும் தருகிறது. மேலிலை தோற்றத்தையும் முதல் மணத்தையும் தருகிறது. இறுக்கமாகச் சுருட்டினால் புகை இழுபடாது. தளர்த்திச் சுருட்டினால் விரைந்து எரிந்து கசக்கும். இரு முனைகளும் வெட்டப்பட்டு ஒரே பருமனில் அமைவது செரூட் வகையின் இயல்பு. பலகை, கத்தி, பசை ஆகியவை தவிரப் பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

சீமைச் சுவைஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு பிரித்தானியச் சந்தையில் நன்கறியப்பட்ட பொருளாயிற்று. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்பதைத் துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கண்டறிகிறார். ‘திருச்சினாப்பள்ளி’ என்னும் பெயரை விளக்கமின்றி இலண்டன் வாசகர் புரிந்துகொண்டனர் என்பதே அப்பெயரின் பரவலுக்குச் சான்று. சாம்பலின் நிறமும் கட்டுறுதியும் எரிதலின் தன்மையைக் காட்டும் என்பதும் உண்மையே: முழுமையாக எரியாத இலையின் சாம்பல் கருமை மிகுந்திருக்கும்.

வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பிப் புகைத்தார் என்னும் செய்தி தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. அவர் 1895இல் கியூபா சென்றவர். 1896இல் படையதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர். கியூபச் சுருட்டோடு அவருக்கிருந்த தொடர்பு நன்கறியப்பட்டது. திருச்சித் தொடர்பு செவிவழிச் செய்தியாகவே பெரிதும் வாழ்கிறது. அச்செய்தியின் மெய்ம்மையைக் காட்டிலும் அதன் பயன்பாடு சிந்திக்கத்தக்கது. ஓர் ஊர் தன் கைவினையின் பெருமையை நிறுவுவதற்கு, அதனைச் செய்தவரின் பெயரை விடுத்து, நுகர்ந்தவரின் பெயரை நாடியுள்ளது. மேலிலையின் நிறம், மணத்தின் படிநிலை, பேழையின் ஈரப்பதம் எனச் சுவைஞர் வகுத்த சொற்றொகுதி நூல்களில் ஏறியது. பாடம் போட்டவரின் சொற்றொகுதி கூடத்தின் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கடைமடை வழக்கு

தஞ்சை நெல்வயல் நாட்டில் புகையிலையைச் சுவைத்தல் என்பது முதன்மையாக வெற்றிலையோடு இணைந்த வழக்கு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, பன்னீர்ப் புகையிலை ஆகியவற்றின் அளவும் பதமும் பற்றி இசைவாணர்களும் மிராசுதார்களும் கொண்டிருந்த தேர்ச்சி, சீமைச் சுருட்டுச் சுவைஞரின் தேர்ச்சிக்குக் குறைந்ததன்று. இவ்விரு வழக்குகளுக்கும் உடலியல் ஒற்றுமையும் உண்டு. சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. ஆதலின் அதன் நிக்கோட்டின் நுரையீரலுக்குள் இழுக்கப்படாமலே வாயின் உட்தோல் வழியாக உடலில் சேர்கிறது. வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் வாயில் அதே காரத்தன்மையை உண்டாக்குகிறது. சுருட்டும் தாம்பூலமும் வாயிலேயே சுவைக்கப்படுவதன் காரணம் இதுவே.

சுருட்டுக்குக் கடைமடையில் அமைந்த இடம் வேறு. அது வயற்காவலுக்கும் இரவு வேலைக்கும் உரிய துணை. காவல் தெய்வங்களுக்கு உரிய படையல். முனீசுவரர், கருப்பசாமி, மதுரைவீரன் முதலிய தெய்வங்களுக்குச் சுருட்டு வைத்து வழிபடும் மரபு தமிழகச் சிற்றூர்களில் பரவலாக உள்ளது. அருள் வந்த சாமியாடி சுருட்டுப் புகைத்தபடி வாக்குரைப்பதும் உண்டு. ஊர் எல்லையில் இரவெல்லாம் விழித்திருக்கும் தெய்வத்துக்கு, விழித்திருக்கும் மனிதக் காவலர் விரும்பியதே படைக்கப்படுகிறது எனக் கொள்ளலாம். சீமையில் சுருட்டு ஓய்வின் குறியீடு. கடைமடையில் அது விழிப்பின் குறியீடு.

சுவையின் விலை

இவ்வழக்குகளின் பண்பாட்டுச் சிறப்பு அவற்றின் தீங்கை மறைத்தல் ஆகாது. புகையை உள்ளிழுக்காதவருக்கும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களை உண்டாக்கும். மெல்லும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும். 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் தடை கடுமையாக்கப்பட்டது. 2016 முதல் உறையின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெறுகிறது.

மலிவான பீடியும் வெண்சுருட்டும் ஏற்கெனவே சுருட்டின் சந்தையைச் சுருக்கிவிட்டன. சுருட்டுத் தொழிலாளரின் பணிநிலை குறித்துச் சட்டம் பேசியதும் பீடித் தொழிலாளரோடு சேர்த்தே: பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. நாள் முழுதும் புகையிலைத் தூளிடையே அமர்ந்து, சுருட்டிய எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றோருக்குச் சுவைஞர் நூல்களில் இடமில்லை. உறையூரில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

முடிவுரை

புகையிலைச் சுவை குறித்த அறிவு தமிழகத்தில் இல்லாமலில்லை. அது கொழுந்து கிள்ளிய உழவரிடமும், பாடம் போட்டவரிடமும், சுருட்டியவரிடமும் இருந்தது. நுகர்வோர் எழுதினர், செய்தோர் பேசினர். எழுதப்பட்டது ‘இரசனை’ எனப் பெயர் பெற்றது. பேசப்பட்டது ‘வேலை’ என்ற அளவில் நின்றது.

இத்தொழில் சுருங்குவது பொதுநலம் நோக்கி வரவேற்கத்தக்கதே. ஆனால் தொழிலோடு அதன் சொற்களும் மறைய வேண்டியதில்லை. உறையூர், திண்டுக்கல், வேதாரணியம் ஆகிய இடங்களில் முதியோர் நாவில் எஞ்சியுள்ள ரகப் பெயர்கள், பதங்களைக் குறிக்கும் சொற்கள், அளவைகள், கூலிக் கணக்குகள் ஆகியவற்றையும், பேராவூரணி போன்ற கடைமடை ஊர்களின் படையல் வழக்குகளையும் களஆய்வின்வழித் தொகுப்பது இன்று செய்யத்தக்க பணி. உலகுக்குச் ‘சுருட்டு’ என்னும் சொல்லைத் தந்த மொழி, அச்சொல்லுக்குப் பின்னிருந்த சொற்களையும் தன் அகராதியில் ஏற்றிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.