கோல் கணக்கில் வராத ஆட்டக்காரர்

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்களில், மாலை வேளையில் கடற்கரையோரம் கால்பந்தாட்டம் நடக்கும். பணி ஓய்வுக்குப் பின் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட எனக்கு அதைப் பார்ப்பதே பெரும் பொழுதுபோக்கு. அங்கு ஆடும் பதினாறு வயதுப் பையன் ஒருவன், என்னிடம் முன்பு படித்த மாணவரின் மகன். எதிரணி தாக்க வரும்போதெல்லாம் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பான், பறிப்பான், அருகில் இருப்பவனிடம் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். அண்மையில் வெளியூரில் நடந்த வீரர் தேர்வொன்றுக்குப் போய் முகம் வாடித் திரும்பினான். "எத்தனை கோல் போட்டிருக்கிறாய் என்று கேட்டார்கள் ஐயா. ஒன்றுமில்லை என்றேன்" என்றான்.

கேள்வியே தவறு என்பது என் கருத்து. அவன் ஆடுவது தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரரின் இடம். தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதல் கோல் பகுதியை எட்டும் முன்பே அதை அறுப்பது அவர் பணி. பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேறிப் போனால் அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை இவர்தான் அடைக்க வேண்டும். தடுக்கப்பட்டுத் தெறித்து வரும் பந்தையும் இவர்தான் கைப்பற்ற வேண்டும்.

இந்தக் கலையில் தேர்ந்த இத்தாலியர் ஒருவர் சென்னையிலேயே ஆடியிருக்கிறார் என்பது பலருக்கு நினைவிருக்காது. 1980இல் சிவிடவெக்கியா என்னும் துறைமுக நகரில் பிறந்த மனுவேலே பிளாசி, பெருஜியா, பார்மா, ஜூவென்டஸ், பியோரென்டினா, நாபோலி எனப் பல அணிகளுக்கு ஆடியவர். ஜூவென்டஸில் அவர் இருந்த இரு பருவங்களிலும் அந்த அணியே பட்டம் வென்றது. நடுவர் நியமன ஊழல் வெளிப்பட்டபோது அவ்விரு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2015இல், 35ஆவது வயதில், மார்கோ மத்தராஸி பயிற்சியளித்த சென்னையின் எப்.சி. அணிக்கு வந்தார். பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அந்த அணி, டிசம்பர் வெள்ளத்தால் தனது அரையிறுதி ஆட்டத்தைப் புணேயில் ஆட நேர்ந்தும், கோவாவில் இறுதியாட்டத்தை 3-2 என வென்றது. அந்த ஆண்டைப் பேசுவோர் மெண்டோசாவின் கோல்களைச் சொல்வார்கள். பிளாசியின் பெயரை எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதே மரபின் புகழ்பெற்ற முகம் ஜென்னாரோ கட்டூசோ. இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவின் கடலோர ஊரான கொரிலியானோவில் பிறந்து, அங்குள்ள மீனவர் கடற்கரையில் ஆடிப் பழகியவர். பின்னாளில் மீன் கடையும் நடத்தினார். எங்கள் ஊர்ப் பையன்களிடம் இதைச் சொன்னபோது மற்றெல்லாவற்றையும்விட மீன் கடைதான் அவர்களைக் கவர்ந்தது! ஏ.சி. மிலான் அணிக்காக 468 ஆட்டங்கள் ஆடிய கட்டூசோ அடித்தது 11 கோல்கள். நாட்டுக்காக 73 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று.

வெறும் 11 கோல் அடித்தவரை ஏன் பதின்மூன்று பருவங்கள் ஒரு பேரணி வைத்திருந்தது? பக்கத்தில் ஆந்த்ரேயா பிர்லோ இருந்தார் என்பதே விடை. பிர்லோ நிதானமாகத் தலைநிமிர்ந்து நெடுந்தொலைவுக்குப் பந்தை அனுப்ப, அவருக்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் ஓடி ஓடி ஈட்டித் தந்தவர் கட்டூசோ. இருவரும் ஆடிய 2006 உலகக் கோப்பையில், ஏழு ஆட்டங்களில் இத்தாலி வாங்கியவை இரண்டே கோல்கள். ஒன்று தன்னணி வீரரே தவறுதலாக அடித்தது. மற்றொன்று இறுதியாட்டத்தில் ஜிதானின் பெனால்டி. கோல்காப்பாளர் பூபோனுக்கும் அணித்தலைவர் கன்னவாரோவுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால் அவர்களுக்கு முன்னால் இருந்த வேலி கட்டூசோ. (2011இல் எதிரணியின் துணைப் பயிற்சியாளரைத் தலையால் முட்டித் தடை பெற்றாரே, அதைப் பையன்கள் கற்க வேண்டாம்.)

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இது எனக்குப் பழகிய சிக்கல். தேசிய வருமானக் கணக்கு விளைந்ததை எண்ணும். நேராமல் தடுக்கப்பட்ட இழப்பை எண்ணாது. கரையில் அமர்ந்து வலையின் கிழிசலைத் தைப்பவருக்கும் இதே கதிதான். ஏலத்தில் எண்ணப்படுவது கூடையிலுள்ள மீன்.

நம் வீரர் தனபால் கணேஷையே பாருங்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரர். 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஒரு கோல் அடித்தார். சென்னை 3-0 என வென்று, பின்னர் கோப்பையையும் கைப்பற்றியது. இன்றும் நினைவுகூரப்படுவது அந்தக் கோல்தான். அந்தப் பருவம் முழுவதும் அவர் அறுத்துப்போட்ட தாக்குதல்களுக்கு ஆவணம் ஏது? அடுத்த பருவத்தை முழங்கால் காயம் விழுங்கிவிட்டது. ஓடுவதும் மோதுவதுமே தொழிலாகக் கொண்ட இவ்விடத்தில் உடல் தரும் விலை அதிகம்.

2021-22 முதல் ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவருக்கே இடம். அதற்கு முன் ஐவர். வெளிநாட்டவரைக் குறைத்தால் உள்ளூர் வீரர்கள் வளர்வர் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கோல் எண்ணிக்கையை வைத்தே சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தால், எல்லாச் சிறுவர்களும் முன்களத்துக்கே ஓடுவார்கள். பதினாறு வயதில் கழித்துக் கட்டப்பட்டவனை இருபத்திரண்டு வயதில் எங்கே போய்த் தேடுவது?

தேர்வாளர்கள் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. பந்தை எத்தனை முறை மீட்டான், எந்த இடத்தில் மீட்டான், மீட்டபின் தன்னணிக்கே கொடுத்தானா என மூன்று கட்டங்கள் போட்ட தாள் போதும். அப்படியொரு குறிப்பேடு வாங்கி, கடற்கரையில் ஒரு சிறுவனிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். பாதி ஆட்டத்திலேயே அவன் பேனாவை மணலில் செருகிவிட்டு ஆடப் போய்விட்டான். இப்போது நான்தான் எழுதுகிறேன். சென்ற புதன்கிழமை நம் பையன் மீட்டது பதினேழு முறை. அடுத்த தேர்வுக்கு அந்தக் குறிப்பேட்டையும் அவன் கொண்டுபோகிறான்.