பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? ஆர்.சி.யும் இரும்பும் ஒரே கதையைச் சொல்லுதானு பாருங்க!

பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் கூரையில்லாத ஜீப், அகலமான டயர், பத்து செகண்ட் ரீல்ஸ். பார்த்ததும் ஆசை வரத்தான் செய்யும். விசாரிச்சா, ராஜபாளையம் பக்கம் ஒரு மாந்தோப்பு ஷெட்டில் வண்டி நிக்குதுனு தகவல் வருது. போய்ப் பார்க்கிறீங்க. புரோக்கர் அண்ணன் ஆரம்பிக்கிறார். "தம்பி, இன்ஜின் சும்மா கல்லு மாதிரி இருக்கு. பேப்பர் எல்லாம் பக்கா. நாளைக்கு மதுரைப் பார்ட்டி வர்றாங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுருங்க!"

ஜிபே-யைத் திறக்கிறதுக்கு முன்னால ஒரு நிமிஷம். நீங்க வாங்கப் போறது கம்பெனியில் இருந்து இறங்கிய கார் இல்லை. யாரோ ஒருத்தர் பட்டறையில் வெட்டி, ஒட்டி, பூட்டிய வண்டி. அவர் வைத்த ஒவ்வொரு வெல்டிங்குக்கும் இனிமேல் நீங்கதான் பொறுப்பு.

நம்ம ஊர் 'கிட் கார்'

பாகங்களைப் பெட்டியில் வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் காருக்கு 'கிட் கார்' என்று பெயர். இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதில் ரொம்பப் பிரபலம். இன்றைக்கு அங்கே வீட்டில் பூட்டிய வண்டியும் தனியாக ஒரு சோதனையில் தேறினால்தான் ரோட்டுக்கு வர முடியும். நம் நாட்டில் தனி ஆளுக்கு அப்படி ஒரு சுலபமான வழி கிடையாது.

அதனால் நம்ம ஊர் கிட் கார் என்றால், அது பெரும்பாலும் மாற்றிக் கட்டிய ஜீப்தான். இதில் ஒரு வேடிக்கை, மஹிந்திராவே அப்படித்தான் ஆரம்பித்தது. 1940-களின் கடைசியில், பிரித்து அனுப்பப்பட்ட வில்லிஸ் ஜீப் பாகங்களை மும்பையில் பூட்டித்தான் விற்றார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய பாகங்களில் ஜீப் கட்டுவதற்கே பெயர்போன ஊர். ஆனால் கம்பெனி பூட்டியதற்கும் பட்டறை பூட்டியதற்கும் சட்டத்தின் முன்னால் பெரிய வித்தியாசம் உண்டு.

முதல்ல நம்பர், அப்புறம்தான் இன்ஜின் சத்தம்

பானட்டைத் திறக்கிறதுக்கு முன்னால் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கேளுங்க. ஜெராக்ஸ் வேண்டாம். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இரும்பில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் பாருங்க. அதன் மேல் ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே பதியும். நம்பரைச் சுற்றி புது வெல்டிங், அரைத்த தடம், அங்கே மட்டும் புது பெயின்ட்... இதில் எதைப் பார்த்தாலும் வண்டியை விட்டுட்டு வந்துடுங்க.

அடுத்து, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கா, டீசல் என்று இருக்கா? எத்தனை சீட்? என்ன மாடல்? பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தால், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிவு செய்திருக்கணும். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைத் தட்டினால் பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் இருக்கா, எஃப்.சி. எப்போது முடியுது என்பதெல்லாம் வந்துவிடும். ஃபைன் பாக்கி இருக்கானு இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 'ஒவ்வொரு' என்பதை இன்னொரு தடவை படிங்க. மாற்றம் நாலு என்றால் கணக்கும் நாலு.

முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. 'மிலிட்டரி லுக்'குக்காக ஆலிவ் கிரீன் அடித்த ஜீப்பும் வேண்டாம். அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான் என்பது விதி.

'மாட்டினா ஃபைன் கட்டிக்கலாம்' என்று நினைக்காதீங்க. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அடிபட்டவருக்கான இழப்பீடு உங்க தலையில் விழுந்தால், அது ஜீப்போட விலையோட நிற்காது. வீடு வரைக்கும் வரும்.

பேர் மாத்துறதை தள்ளிப்போடாதீங்க

விற்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30. அவருக்கு 14 நாள், உங்களுக்கு 30 நாள் கெடு. இன்ஷூரன்ஸை உங்க பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் பேங்க் கடிதமும் கட்டாயம்.

நம்ம ஏரியாவுக்குப் பக்கத்திலேயே கேரளா. செங்கோட்டை, புளியரை வழியா வந்த ஜீப் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இல்லாமல் இங்கே டி.என். 84 நம்பர் வாங்க முடியாது. டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்குதா? அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை போட்டதுதான் காரணமாக இருக்கும். என்.ஓ.சி., இங்கே கட்டவேண்டிய ரோடு டாக்ஸ் இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு 'மலிவு' என்று சொல்லுங்க.

பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ரொம்பப் பழைய வண்டிக்கு இன்னும் கூடுதல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கேட்டுட்டு விலை பேசுங்க.

ஒரு காந்தம், ஒரு அட்டை, ஒரு மெக்கானிக்

பாடி மேல் சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்க. ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் கனமாகப் பட்டி பூசியிருக்கலாம். தரையில் போட்ட மேட்டைத் தூக்கி துருவைப் பாருங்க. வண்டிக்கு அடியில் போய் சேஸிஸில் வெட்டி ஒட்டிய இடம் இருக்கானு டார்ச் அடிங்க. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தால், எங்கே ஆயில் ஒழுகுதுனு காலையில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கையே கூட்டிட்டுப் போங்க. விற்பவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

12 கிலோமீட்டர் டெஸ்ட்

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 12 கிலோமீட்டர். நல்ல டெஸ்ட் ரூட். விற்பவர் சம்மதத்தோட, இன்ஷூரன்ஸ் உயிரோட இருந்தால் மட்டும், நிதானமாக ஓட்டிப் பாருங்க. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினால் சக்கரம் அசையுது? பிரேக் போட்டால் ஒரு பக்கமா இழுக்குதா? குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடனு ஆடுதா? ஆடினால் கிங் பின், டை ராட் முனைகளைப் பார்க்கணும்.

ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் ஓரமாக நிறுத்துங்க. நாலு சக்கர ட்ரம்முக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கு, இல்லைனா பேரிங் போயிருக்கு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்காதீங்க. பால்கோவா வாங்கிட்டு வந்து, வண்டி ஆறின பிறகு தண்ணீர் அளவைப் பாருங்க. ஃபோர் வீல் கியரை மண் தரையில் போட்டுப் பாருங்க. தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் கியர் பாகங்களுக்குத்தான் கேடு.

வாங்கியாச்சா? காசை இந்த வரிசையில் செலவு பண்ணுங்க

முதல்ல பிரேக். அடுத்து ஸ்டியரிங், டயர். மூணாவது வயரிங். பழைய ஜீப்கள் பலவற்றில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே எரிபொருள் டேங்க் இருக்கும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒரு லைட் வயர் அதன் பக்கத்தில் ஓடினால் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சும் ஒரு சின்ன தீயணைப்பானும் வைங்க. சீட் கவர், பாட்டு செட், பெயின்ட் எல்லாம் கடைசி.

இன்னொன்று, கையில் ஜீப் இருக்குனு செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுக்குள் ஏத்திடாதீங்க. 2021-ல் இருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும்.

இப்போ மறுபடி அந்த மாந்தோப்பு ஷெட்டுக்குப் போங்க. நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போச்சா? தாராளமா அட்வான்ஸ் போடுங்க. ஒரு எழுத்து இடிச்சாலும், "யோசிச்சு சொல்றேண்ணே"னு சொல்லிட்டு பைக்கை ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த மதுரைப் பார்ட்டியே வாங்கிட்டுப் போகட்டும்!